கம்யூனிட்டி காலேஜில் நர்சிங்: எதை எப்போது செய்வது

அமெரிக்காவில் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆக வேண்டுமென்றால் நான்கு வருடப் பல்கலைக்கழகப் படிப்பு கட்டாயம் என்று நினைக்கிறவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். கட்டாயமில்லை. பக்கத்து ஊர் கம்யூனிட்டி காலேஜில் ஏ.டி.என். என்ற இரண்டு வருட நர்சிங் பட்டம் முடித்தவரும் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்.என். என்ற நான்கு வருடப் பட்டம் முடித்தவரும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் லைசென்ஸ் தேர்வு, வாங்குவது ஒரே லைசென்ஸ். கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் என்பது நர்சிங் கல்வியாளர் மில்ட்ரெட் மான்டாக் தன் முனைவர் ஆய்வேட்டில் முன்வைத்த யோசனை. 1952-இல் ஏழு கல்லூரிகளிலும் ஒரு மருத்துவமனையிலும் சோதனையாகத் தொடங்கி, பிறகு நாடு முழுக்கப் பரவியது.

கலிபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். பாடங்களை அளக்கும் அலகு யூனிட்; மாநிலவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர். முன்தேவைப் பாடங்களையும் சேர்த்து 80 யூனிட் படித்தாலும் கட்டணம் 3,680 டாலர்தான். புத்தகம், யூனிஃபார்ம், தடுப்பூசி, ஆன்லைன் பயிற்சித் தேர்வு எல்லாம் தனி. இவ்வளவு மலிவாக இருப்பதால் கூட்டம் அதிகம், இடம் குறைவு. பலர் வருடங்களை இழப்பது பாடம் கடினம் என்பதால் அல்ல. எதற்கு முன் எது என்று தெரியாமல் தொடங்குவதால்தான். மற்ற மாநிலங்களில் எண்கள் மாறும், வரிசை பெரும்பாலும் இதேதான்.

முதலில் விசா

கெமிஸ்ட்ரி வகுப்பில் பெயர் கொடுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கானது) முழுநேரமாகப் படிக்கலாம், ஆனால் வேலை அனுமதி அட்டை இல்லாமல் நர்ஸாக வேலை பார்க்க முடியாது. கணவரின் அல்லது மனைவியின் ஐ-140 (கிரீன் கார்டுக்கான மனு) ஒப்புதல் ஆகியிருந்தால் அந்த அட்டைக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. மாணவர் விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான எஃப்-2 விசாவில் பகுதிநேரப் படிப்பு மட்டுமே அனுமதி. நர்சிங் முழுநேரப் படிப்பு என்பதால் அந்த விசாவோடு சேர முடியாது. 'படித்து முடித்தால் ஆஸ்பத்திரியே எச்-1பி போட்டுத் தரும்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்குப் பட்டப்படிப்பு கட்டாயமில்லை என்பதால் அந்த விசா கிடைப்பது அரிது. நர்ஸ்களுக்கு கிரீன் கார்டில் தனிச் சலுகை உண்டுதான், ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை நீளமானது.

கட்டணமும் இதோடு சேர்ந்தது. மாநிலத்தில் குடியிருக்கத் தொடங்கி ஒரு வருடமும் ஒரு நாளும் ஆகியிருந்தால்தான் 46 டாலர். இல்லாவிட்டால் பல மடங்கு. வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், வரித் தாக்கல் ஆகியவற்றின் நகல்களை எடுத்து வையுங்கள்.

இந்தியாவில் ஏற்கெனவே பி.எஸ்சி. நர்சிங்கோ ஜி.என்.எம்.மோ முடித்தவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். மாநில நர்சிங் வாரியத்துக்குச் சான்றிதழ்களை அனுப்பி மதிப்பிடச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு பிரிவில் குறை என்று வந்தால், அந்தப் பாடத்தை மட்டும் இங்கே படித்துக் கொடுக்கலாம்.

'இரண்டு வருடப் படிப்பு' எத்தனை வருடம்?

நர்சிங் வகுப்புகள் நான்கு செமஸ்டர் என்பது உண்மை. அதற்குள் நுழைய அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி மூன்றும் லேபோடு வேண்டும். ஆங்கிலக் கட்டுரை வகுப்பு வேண்டும், பல இடங்களில் புள்ளியியலும் சைக்காலஜியும் வேண்டும். கவனிக்காமல் விடப்படுவது கெமிஸ்ட்ரி. பல கல்லூரிகளின் நர்சிங் துறைப் பட்டியலில் அது இருக்காது. மைக்ரோபயாலஜிக்கோ ஃபிசியாலஜிக்கோ பதிவு செய்யப் போகும்போது, கெமிஸ்ட்ரி முடித்தீர்களா என்று கணினி கேட்கும். அங்கேயே ஒரு செமஸ்டர் போய்விடும். முதல் செமஸ்டரில் கெமிஸ்ட்ரியும் ஆங்கிலமும், இரண்டாவதில் அனாட்டமியும் புள்ளியியலும், மூன்றாவதில் ஃபிசியாலஜியும் மைக்ரோபயாலஜியும் என்று அடுக்கினால் ஒன்றரை வருடத்தில் முடியும். பிறகு விண்ணப்பம், காத்திருப்பு, நான்கு செமஸ்டர். மொத்தம் நான்கு வருடம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

ஊரில் வாங்கிய பி.இ., பி.எஸ்சி. பட்டத்தை அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டு நிறுவனத்திடம் பாடவாரியாக மதிப்பிட்டு வாங்கிக் கொடுங்கள். பொதுப்பாடங்கள் சில கழியலாம். அறிவியல் லேப் பாடங்களும் ஆங்கிலமும் பெரும்பாலும் கழியாது. அறிவியல் பாடங்களுக்குக் காலக்கெடு வைக்கும் கல்லூரிகளும் உண்டு: ஏழு வருடத்துக்கு முன் எடுத்த அனாட்டமி செல்லாமல் போகலாம்.

இந்தப் பாடங்களின் மதிப்பெண்தான் உள்ளே போகும் சீட்டு. தேறுவது போதாது. அனாட்டமியில் சி வாங்கினால் திரும்ப எழுதி ஏ வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள், திரும்ப எழுதியதற்குப் புள்ளி குறைக்கும் கல்லூரிகள் உள்ளன. சிறு குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டு லேப் பாடங்களை ஒரே செமஸ்டரில் எடுப்பதைவிட, ஒன்றைக் கோடைக்குத் தள்ளுவது மேல்.

விண்ணப்பத்தில் புள்ளிகள்

டீஸ் என்ற நுழைவுத் தேர்வில் 170 கேள்விகள், 209 நிமிடங்கள். வாசிப்பு 45, கணக்கு 38, அறிவியல் 50, ஆங்கிலம் 37. கலிபோர்னியக் கம்யூனிட்டி காலேஜ்களில் 62 சதவீதம் தேர்ச்சிக் கோடு. போட்டியில் நிற்க அதற்கு மேல் நன்றாகவே வேண்டும். நம்மவர்கள் கணக்கில் வாங்குவதை வாசிப்பில் விட்டுவிடுவார்கள். அறிவியலில் பெரிய பகுதி அனாட்டமியும் ஃபிசியாலஜியும் என்பதால், அந்த வகுப்புகளை முடித்த கையோடு எழுதுங்கள்.

பல கல்லூரிகள் ஜி.பி.ஏ. எனும் சராசரி மதிப்பெண்ணோடு வேறு சிலவற்றுக்கும் புள்ளி தருகின்றன: ஏற்கெனவே உள்ள பட்டம், மருத்துவத் துறை அனுபவம், குடும்பச் சூழல், ஆங்கிலம் அல்லாத மொழித் திறன். மாணவரைத் தேர்ந்தெடுக்கும் இந்த முறைக்கான மாநிலச் சட்டம் மொழிகளை எடுத்துக்காட்டும் இடத்தில் இந்தியத் துணைக்கண்ட மொழிகளும் இருக்கின்றன. தமிழுக்குப் புள்ளி உண்டா, என்ன சான்று ஏற்பார்கள் என்று கல்லூரிக் கவுன்சிலரிடம் கேளுங்கள். கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

சி.என்.ஏ. எனும் உதவியாளர் பயிற்சி கலிபோர்னியாவில் 160 மணி நேரம்: வகுப்பு 60, நோயாளிகளோடு 100. அதுவும் சில இடங்களில் புள்ளி தரும். புள்ளியைவிடப் பெரிய லாபம், முதியவருக்கு டயப்பர் மாற்றிப் படுக்கை விரிக்கும் வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது நான்கு வருடம் செலவழிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இடம் கிடைக்கும் முன்பே ஊசி

சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஹெபடைடிஸ் பி வழக்கமான முறையில் மூன்று ஊசி, முதல் ஊசியிலிருந்து மூன்றாவதற்கு ஆறு மாதம். அதன் பிறகும் ரத்தத்தில் எதிர்ப்பு அளவு 10-ஐத் தொட வேண்டும். சின்ன வயதில் ஊரில் போட்ட ஊசிக்குச் சீட்டு இல்லையே என்று கவலை வேண்டாம். தட்டம்மை, மம்ப்ஸ், ரூபெல்லா, சின்னம்மை எல்லாவற்றுக்கும், எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று பார்க்கும் டைட்டர் ரத்தப் பரிசோதனை எடுத்தால் போதும்.

காசநோய்ப் பரிசோதனையில்தான் நமக்கென்று ஒரு சிக்கல். பிறந்ததும் தோளில் போட்ட பி.சி.ஜி. ஊசியால், கையில் குத்திப் பார்க்கும் தோல் பரிசோதனை காசநோய்க் கிருமி இல்லாதவருக்கும் தடித்துக் காட்டலாம். அதிலிருந்து மார்பு எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று வாரங்கள் போகும். குவான்டிஃபெரான் போன்ற ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. பாதிக்காது, அதைக் கேட்டு வாங்குங்கள். எம்.எம்.ஆர். (தட்டம்மை, மம்ப்ஸ், ரூபெல்லா ஊசி) போட்டுக்கொள்வதாக இருந்தால் காசநோய்ப் பரிசோதனையை அதே நாளில் எடுங்கள். தவறினால் நான்கு வாரம் பொறுக்க வேண்டும்.

சி.பி.ஆர். (நின்ற இதயத்தை இயக்கும் முதலுதவி) சான்றிதழ் மருத்துவப் பணியாளர்களுக்கான பி.எல்.எஸ். வகையாக இருக்க வேண்டும். பொதுமக்களுக்கான வகுப்பை முடித்துவிட்டு வந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

உள்ளே போனபின்

மருந்துக் கணக்குத் தேர்வில் 90 சதவீதம், சில இடங்களில் 100 சதவீதம் கேட்பார்கள். கணக்கு எட்டாம் வகுப்பு அளவுதான். விழுவது அலகில். ஒரு கணக்கு: நோயாளியின் எடை 165 பவுண்டு. ஹெப்பாரின், கிலோவுக்கு மணிக்கு 18 யூனிட். பையில் 250 மில்லியில் 25,000 யூனிட். மணிக்கு எத்தனை மில்லி?

165-ஐ 2.2-ஆல் வகுத்தால் 75 கிலோ. 75 பெருக்கல் 18, மணிக்கு 1,350 யூனிட். பையில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். ஆக 13.5 மில்லி. பவுண்டைக் கிலோவாக்க மறந்தால் 29.7 வரும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் ஏறினால் நோயாளிக்கு எங்கிருந்து வேண்டுமானாலும் ரத்தம் கசியலாம். எந்தக் கணக்கிலும் எடையைத்தான் முதலில் கிலோவாக்க வேண்டும், மற்றது அப்புறம். மருந்துப் பெயர்களும் மாறும்: பாரசிட்டமால் இங்கே அசிட்டமினோஃபென், சால்புட்டமால் இங்கே அல்புட்டரால், அட்ரினலின் இங்கே எபிநெஃப்ரின்.

செயல்முறைத் தேர்வில் அதிகம் பேர் தடுமாறுவது சிறுநீர்க் குழாய் போடுவதில். பெண் நோயாளிக்கு இடது கையால் இடத்தை விலக்கிப் பிடித்த அந்த நொடியே அந்தக் கை சுத்தக் கணக்கிலிருந்து போய்விட்டது. அது இனி தட்டைத் தொடக்கூடாது, குழாய் உள்ளே போகும்வரை எடுக்கவும் கூடாது. வலது கை மட்டுமே தட்டுக்கும் குழாய்க்கும். சிறுநீர் வந்ததும் உடனே, குழாய் நழுவாமல் பிடிக்கும் அதன் நுனிப் பலூனை ஊதுவது அடுத்த தவறு. பலூன் இன்னும் சிறுநீர்ப் பாதைக்குள்ளேயே இருக்கும், ஊதினால் கிழியும். இன்னும் ஓரிரு அங்குலம் உள்ளே தள்ளி அப்புறம்தான் நீரை ஏற்ற வேண்டும். சிறுநீர் வரவே இல்லை என்றால் குழாய் யோனிக்குள் போயிருக்கலாம். அதை எடுக்காமல் அடையாளத்துக்கு அப்படியே விட்டுவிட்டு, புதுக் குழாயை அதற்கு மேலே உள்ள துவாரத்தில் போடுங்கள்.

எழுத்துத் தேர்வு நம் பள்ளிக்கூடப் பழக்கத்துக்கு நேர் எதிர். நான்கு விடையும் சரியாகத்தான் இருக்கும், முதலில் எது என்பதே கேள்வி. வலி பத்துக்கு எட்டு என்கிறார் ஒருவர். இன்னொருவருக்குச் சர்க்கரை 180. மூன்றாமவர் வீட்டுக்குப் போகக் காத்திருக்கிறார். நேற்று அறுவை சிகிச்சை ஆன நான்காமவர் திடீரென்று பதற்றமாகி, எங்கே இருக்கிறோம் என்று கேட்கிறார். மனம் வலிக்காரரிடம் ஓடும். போக வேண்டியது நான்காமவரிடம், ஆக்சிஜன் குறைவதன் முதல் அடையாளம் அந்தக் குழப்பமாக இருக்கலாம். மனப்பாடம் செய்து ஏ வாங்கி வந்தவர்கள் முதல் தேர்வில் அறுபது வாங்கித் திகைப்பது இங்கேதான். தினம் முப்பது கேள்வி போட்டு, தவறான விடை ஒவ்வொன்றும் ஏன் தவறு என்று எழுதிப் பாருங்கள். பல இடங்களில் 75-க்குக் கீழே தோல்வி, 74.9-ஐ மேலே தூக்கிப் போட மாட்டார்கள்.

தேர்வும் பெயரும்

என்கிளெக்ஸ் கட்டணம் 200 டாலர். 85 முதல் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். உங்கள் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கணினி தேர்ந்தெடுக்கும். 85-இல் நின்றுவிட்டால் தேர்ச்சி என்றும் அர்த்தமில்லை, தோல்வி என்றும் அர்த்தமில்லை. தவறினால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். லைசென்ஸ் வந்ததும் வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் பி.எஸ்.என். சேருங்கள், பெரிய ஆஸ்பத்திரிகள் அதை எதிர்பார்க்கின்றன.

ஒரு விஷயத்தை மட்டும் முதல் செமஸ்டரிலேயே சரிசெய்துவிடுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் இருக்கும், கல்லூரியில் இனிஷியல், ஓட்டுநர் உரிமத்தில் கணவர் பெயர். தேர்வுக்குப் பதிவு செய்த பெயரும் கையில் கொண்டுபோகும் அடையாள அட்டைப் பெயரும் பொருந்தாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், 200 டாலரும் போகும். பாஸ்போர்ட்டில் உள்ளது எதுவோ, அதையே கல்லூரி, வாரியம், தேர்வு மையம் மூன்றிலும் எழுத்து மாறாமல் கொடுங்கள்.