பெஞ்ச் பிரஸ்: எடை ஏறும்போது பார் ஆடுவது ஏன்?

பெஞ்சில் மல்லாந்து படுத்து, பிளேட் எனும் எடைத்தட்டுகள் மாட்டிய பாரை (நீளமான இரும்புக் கம்பியை) நெஞ்சுவரை இறக்கி மேலே தள்ளுவதுதான் பெஞ்ச் பிரஸ். எடை குறைவாக இருக்கும்வரை பெஞ்சில் எப்படிப் படுத்தாலும் பார் மேலே போய்விடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கால் தரையில் பதியாமல் ஆடினாலும், தோள் முன்னால் உருண்டாலும், மணிக்கட்டு பின்னால் மடிந்தாலும் உடம்பு எப்படியோ சமாளித்துவிடும், அதனால் அதெல்லாம் தவறு என்றே தோன்றாது. பிளேட் கூடக்கூட பார் நடுங்கும், ஒரு கை முந்தும், தோளின் முன்பக்கம் வலிக்கும். உடனே நெஞ்சில் பலம் பத்தவில்லை என்று முடிவு கட்டி இன்னும் நாலு செட் (இடைவிடாமல் சில முறை தள்ளினால் ஒரு செட்) கூட்டுபவர்கள்தான் அதிகம். ஆனால் நான் பார்த்தவரை பாதிப் பிரச்சினை பாரை ரேக்கின் (பாரைத் தாங்கும் சட்டத்தின்) கொக்கியிலிருந்து எடுப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு தோள்பட்டையை விட்டுவிடுவது. தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுத்து, அப்படியே இடுப்புப் பக்கமாகக் கீழேயும் இறக்க வேண்டும். பலர் பின்னால் இழுப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள், தோள் காதுப் பக்கம் ஏறியே இருக்கும். கீழே இறக்கினால்தான் மேல்முதுகு பெஞ்சில் அகலமாகப் பதியும், நெஞ்சு உயரும், பார் போகவேண்டிய தூரமும் கொஞ்சம் குறையும். கை எலும்பின் தலை முன்னால் நழுவி மூட்டை உறுத்துவதும் குறையும். இதைச் செய்ய எளிதான வழி: பாரைப் பிடித்துக்கொண்டு, காலை ஊன்றி இடுப்பைத் தூக்கி, மேல்முதுகைப் பெஞ்சில் அழுத்தித் தோள்பட்டையைப் பூட்டுங்கள். அப்புறம் அந்தப் பூட்டு கழலாமல் இடுப்பை மெல்ல இறக்குங்கள். இடுப்பை முதலில் வைத்துவிட்டு, பிறகு தோளைச் சரிசெய்யப் பார்த்தால் சரியாக வராது.

இப்படிப் படுத்தால் முதுகு தானாக வளையும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாரை முதுகில் தாங்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் எடை முதுகெலும்பின் வழியாக நேராக இறங்குகிறது, இங்கே அப்படி இல்லை, மேல்முதுகுதான் அதைத் தாங்குகிறது. அடிமுதுகை வலிக்கிற அளவுக்கு முறுக்கி வளைப்பதுதான் தவறு. ஏற்கெனவே இடுப்புவலி இருப்பவர்கள் வளைவைக் குறைத்துக்கொள்ளலாம்.

சரி, இவ்வளவு பாடுபட்டுப் பூட்டிய தோளை, பாரை எடுக்கிற அந்த ஒரே நொடியில் கழற்றிவிடுபவர்கள் ஏராளம். காரணம் பெரும்பாலும் கொக்கியின் உயரம். கொக்கி மேலே இருந்தால் எட்டித் தள்ளித்தான் எடுக்க வேண்டும், எட்டும்போதே தோள் முன்னால் வந்துவிடும், அதோடு முதுகின் இறுக்கமும் போய்விடும். ரொம்பக் கீழே இருந்தால் செட் தொடங்கும் முன்பே அரை பிரஸ் செய்து களைத்துப்போவீர்கள். முழங்கை லேசாக மடிந்திருக்க, சில சென்டிமீட்டர் தூக்கினாலே பார் விடுபடுகிற உயரம் போதும். கண் பாருக்கு நேர் கீழே இருக்கட்டும். ரொம்ப மேலே தள்ளிப் படுத்தால் பார் ஏறும்போது கொக்கியில் இடிக்கும், கீழே தள்ளிப் படுத்தால் பாரை வெகுதூரம் இழுத்துவர வேண்டும்.

பாரை மேல்நோக்கித் தள்ளி எடுக்காதீர்கள், தோளுக்கு நேர் மேலே வரும்படி முன்னால் இழுத்து எடுங்கள். எடை கூடிவிட்டால் ஸ்பாட்டரிடம் (தலைமாட்டில் நின்று உதவுபவரிடம்) எடுத்துத் தரச் சொல்லுங்கள், ஆனால் அவர் பாரை வெடுக்கென்று உயரத் தூக்கினால் அதுவும் தோளைக் கழற்றிவிடும், இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது. பார் வெளியே வந்ததும் ஒரு நொடி அசையாமல் நிறுத்துங்கள். பார் அடங்குவதற்குள் இறக்க ஆரம்பிக்கிற அவசரத்தை ஏறக்குறைய எல்லா ஜிம்மிலும் பார்க்கலாம்.

காலைப் பற்றி நிறைய பேர் யோசிப்பதே இல்லை. காலைத் தூக்கிப் பெஞ்சின் மேலே வைத்துக்கொண்டு கனமான எடையை எடுப்பது தேவையில்லாத ஆபத்து. பாதம் ஒரே இடத்தில் ஊன்றியிருக்க வேண்டும், தரையை அழுத்தும்போது உடம்பைத் தலைப்பக்கம் நகர்த்தப் பார்ப்பதுபோல அழுத்த வேண்டும். நேர் மேலாக அழுத்தினால் பிட்டம் பெஞ்சைவிட்டு எழும்பிவிடும், பவர்லிஃப்டிங் (எடைதூக்கும் விளையாட்டு) போட்டியில் அந்த லிஃப்ட் செல்லாது. உயரம் குறைந்தவர்களுக்குப் பாதம் சரியாக ஊன்றாமல் போகலாம். சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் விதிப்படி பெஞ்சின் உயரம் 42 முதல் 45 சென்டிமீட்டர், சாதாரண ஜிம் பெஞ்சுகள் அதைவிட உயரமாகவும் இருப்பதுண்டு. பாதத்துக்குக் கீழே தட்டையான பிளேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். போட்டியிலேயே அதற்கு அனுமதி இருக்கிறது, கூச்சப்பட ஒன்றுமில்லை.

பிடியில் இரண்டே விஷயம். பார் விரல்களின் அடியில் தொங்காமல், உள்ளங்கையின் கீழ்ப்பகுதியில், முன்கை எலும்புக்கு நேர் மேலே உட்கார வேண்டும். இல்லையென்றால் மணிக்கட்டு மடியும், அதை ரிஸ்ட் ராப் (மணிக்கட்டுப் பட்டை) கட்டி மறைக்கலாமே தவிரச் சரிசெய்ய முடியாது. கட்டைவிரலைச் சுற்றாமல் பிடிப்பதை விட்டுவிடுங்கள், அதற்குச் சாக்கே கிடையாது, வழுக்கினால் பார் நேராக நெஞ்சிலோ கழுத்திலோதான் விழும். ஒரு கை முந்துகிறது என்றால் முதலில் பிடி சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். பவர்லிஃப்டிங் பாரில் 81 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு வளையக் கோடுகள் இருக்கும், இரண்டு பக்கமும் ஒரே விரல் கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் போதும்.

இறக்கும் முன் வயிறு நிறைய மூச்சை இழுத்து அடக்குங்கள், பார் கடினமான பகுதியைத் தாண்டிய பிறகு விடுங்கள். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மூச்சடக்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும். முழங்கையைத் தோளுக்கு நேராக விரித்து இறக்கினால் தோள் மூட்டுக்குச் சுமை அதிகம், கொஞ்சம் உடம்போடு சேர்த்து இறக்குங்கள், பார் அடிநெஞ்சைத் தொடும். அங்கிருந்து செங்குத்தாக இல்லாமல் சற்றே முகத்தின் பக்கம் சாய்ந்து ஏறித் தோளுக்கு மேலே முடிய வேண்டும். பாரையே பார்த்துக்கொண்டிருந்தால் பாதை ஒவ்வொரு முறையும் மாறும், கூரையில் ஒரு புள்ளியைப் பார்த்து ஒவ்வொரு முறையும் பாரை அங்கேயே கொண்டு வாருங்கள்.

இவை எதையும் கனமான செட்டில் போய்ப் பழக முடியாது. 20 கிலோ வெறும் பாரில் தொடங்கும் வார்ம் அப் செட்டிலேயே கால், தோள், பிடி, மூச்சு என்று முழு வரிசையையும் செய்யுங்கள். ஐந்து முறை எடுக்கும்போது மூன்றாவதிலேயே தோள் கழன்றுவிட்டால், மேலே பாரை நிறுத்தி மறுபடி பூட்டப் பாருங்கள். முடியவில்லையா, ரேக்கில் வைத்துவிட்டு அடுத்த வாரமும் அதே எடையில் செய்யுங்கள்.

தனியாகப் பயிற்சி செய்பவர்கள் பாதுகாப்புக் கம்பி (பார் கைநழுவினால் தாங்க, பெஞ்சின் இரண்டு பக்கமும் இருக்கும் கம்பி) இல்லாமல் கனமான எடைக்குப் போகவே கூடாது. அதன் உயரத்தை வெறும் பாரில் பார்த்துக்கொள்ளுங்கள்: முதுகை வளைத்துப் படுத்தால் பார் கம்பியில் இடிக்காமல் நெஞ்சைத் தொட வேண்டும், வளைவைத் தளர்த்தினால் பார் கம்பியில் உட்கார்ந்து நெஞ்சை விடுவிக்க வேண்டும். கழுத்துப் பக்கம் உருண்டாலும் கம்பி தாங்குகிறதா என்று அதே வெறும் பாரில் உருட்டிப் பார்த்துவிட்டுப் பிளேட்டைப் போடுங்கள்.