பிள்ளை உங்களிடம் ஒட்டிக்கொண்டால் பெருமைப்படாதீர்கள்

போன வாரம் எங்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் அறையிலிருந்து முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார். "மேடம், அவங்க அம்மாகிட்ட போகவே மாட்டேங்கிறான். என்கிட்டயே உட்கார்ந்துட்டான்!" எனக்குப் பகீரென்றது. பல வருடங்களுக்கு முன் இதே சிரிப்போடு நானும் வெளியே வந்தவள்தான்.

பெற்றோர் – பிள்ளை கவுன்சலிங்கில் புதிதாக இறங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நேரத்துக்கு வருவது, ஃபோனை அணைத்து வைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். கீழே தலைப்புகளாக இருப்பவை புதியவர்கள் செய்யும் தவறுகள்.

அம்மாவைவிட நல்ல அம்மாவாக இருந்து காட்டுவது

ஐந்து வயதுப் பையன். எதையும் தூக்கி எறிவான், அம்மாவை அடிப்பான். நான் தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கினேன். பத்தே நிமிடத்தில் பக்கத்தில் வந்து அடுக்க ஆரம்பித்தான். மூலையில் நாற்காலியில் இருந்த அம்மா, "நீங்க சொன்னாதான் மிஸ் கேக்கிறான், நான் சொன்னா எங்க கேக்கிறான்" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். என்ன மடத்தனம்!

மூன்றாம் வாரம் அவன் அப்பா இரவு எட்டரைக்கு ஃபோன் செய்தார். "சாப்பிட மாட்டேங்கிறான், நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க மிஸ்." நானும் சொன்னேன், அவனும் சாப்பிட்டான். அதற்குள் அந்த வீட்டில் நான் பூச்சாண்டி ஆகியிருந்தேன். "மிஸ்கிட்ட சொல்லிடுவேன்" என்றால் பையன் அடங்குவான். என் பெயரைச் சொல்லாமல் அம்மா எது சொன்னாலும் கேட்க மாட்டான். ஐந்தாம் வாரத்திலிருந்து அவர்கள் வரவில்லை. அந்த அம்மாவிடம் மிச்சமிருந்த கொஞ்சம் தைரியத்தையும் நான்தான் பறித்தேன். இன்றும் நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

பிள்ளை நம்மோடு இருப்பது வாரத்துக்கு ஒரு மணி நேரம். நாம் அவனை அதட்டிப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டியதில்லை, குளிப்பாட்ட வேண்டியதில்லை. நம்மிடம் அவன் நல்லபடியாக இருப்பதில் அதிசயம் என்ன இருக்கிறது?

1970களில் அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபெர்க் உருவாக்கிய பிசிஐடி (Parent–Child Interaction Therapy, பெற்றோரும் பிள்ளையும் பழகும் விதத்தைச் சீராக்கும் சிகிச்சை) முறையில் இதற்குத் தெளிவான வழி இருக்கிறது. ஏறக்குறைய 2 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கானது. பிள்ளையோடு விளையாடுவது அம்மாவோ அப்பாவோதான். பயிற்சியாளர் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, பெற்றோரின் காதில் மாட்டிய கருவி வழியாக மெல்லச் சொல்லிக்கொடுப்பார். பாராட்டு எதுவானாலும் பிள்ளைக்கு அது அம்மா வாயிலிருந்தே வரும். எங்களிடம் கண்ணாடி கிடையாது. ஒரு பழைய ஃபோனில் வீடியோ காலை ஓட விட்டு, அம்மா காதில் ப்ளூடூத் மாட்டி, பக்கத்து அறையிலிருந்து பேசுகிறோம். நெட் சொதப்பாத நாட்களில் இது போதும்.

விளையாட்டைப் பரீட்சை ஆக்குவது

"இது என்ன கலர்? எத்தனை சக்கரம்? இங்கிலீஷ்ல சொல்லு பார்ப்போம்." நம் வீடுகளில் விளையாட்டு என்றால் பெரும்பாலும் இதுதான். புதியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை, பாவம் அம்மா ஆசையாகத்தானே கேட்கிறார் என்று விட்டுவிடுகிறார்கள். அதே பிசிஐடி முறையில் 5 நிமிட விளையாட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. கேள்வி, கட்டளை, குறை மூன்றும் சேர்ந்தே 3-க்குள் இருக்க வேண்டும். எதற்கு என்று குறிப்பிட்டுச் சொல்லும் பாராட்டு 10, பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்வது 10, அவன் செய்வதை வர்ணிப்பது 10. முதல் நாள் கேள்விகளை எண்ணிப் பாருங்கள், கைவிரல் போதாது.

சேட்டை செய்த நாளில் அந்த 5 நிமிட விளையாட்டை ரத்து செய்யச் சொல்வது

கூடவே கூடாது. அன்றைக்குத்தான் அது அவனுக்கு அதிகம் தேவை.

பிள்ளை சொன்னதை அப்பாவிடம் ஒப்பிப்பது

வளர்ந்த பிள்ளை ஒருமுறை இதைக் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் வாயே திறக்க மாட்டான். ஆனால் எல்லாவற்றையும் ரகசியமாக வைப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் வன்முறை பற்றித் தெரிய வந்தால் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-இன்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. முதல் நாளே எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து, எதைச் சொல்வேன், எதைச் சொல்ல மாட்டேன் என்று பேசிவிடுங்கள்.

பாட்டியை வெளியே பெஞ்சில் உட்கார வைப்பது

உள்ளே கூப்பிடுங்கள். பல வீடுகளில் சாயங்காலம் ஆறு மணிவரை பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.