கட்டர்னா சாக்கடை மட்டும் இல்ல: கூரையில, ரோட்டுல, பேச்சுல எப்படி யூஸ் பண்றது

கட்டர்னு கேட்டதுமே நம்மள்ல நிறைய பேருக்கு சாக்கடை தான் ஞாபகம் வருது, அதனால வெளிநாட்டுல வீட்டு ஓனர் "கிளீன் தி கட்டர்ஸ்"னு மெசேஜ் போட்டா தெருவுல இறங்கி எதையோ அள்ள சொல்றாருன்னு குழம்பிடறாங்க. அவர் சொல்றது கூரையை. சரிவான கூரையோட கீழ் விளிம்புல, மழைத்தண்ணி சுவர்ல வழியாம இருக்கறதுக்காக, தகரத்துலயோ அலுமினியத்துலயோ பிவிசிலயோ நீளமா, மேல் பக்கம் திறந்தாப்ல ஒண்ணு மாட்டியிருப்பாங்கல்ல, அது தான் கட்டர். ரோட்டோரமா மழைத்தண்ணி ஓடுற பள்ளத்துக்கும் அதே பேரு தான். ரெண்டுக்கும் பொதுவானது அழுக்கு இல்ல, வடிவம். மேல திறந்த நீளமான வாய்க்கால், அவ்ளோ தான். இதை பிடிச்சுக்கிட்டா மத்த அர்த்தம் எல்லாம் தானா புரிய ஆரம்பிக்கும்.

முதல்ல உச்சரிப்பு, ஏன்னா தமிழ்ல எழுதும்போது வெட்டுற கட்டரும் தண்ணி ஓடுற கட்டரும் ஒரே மாதிரி தான் வருது. வெட்டுற கட்டருக்கு 'கட்டை'ல வர்ற க. தண்ணி ஓடுறதுக்கு 'தங்கம்'ல வர்ற அந்த அழுத்தமான க. போன்ல பேசும்போது இதை கவனிக்கலன்னா எதிர்ல இருக்கறவங்களுக்கு வேற பொருள் கேக்கும். அமெரிக்காக்காரங்க நடுவுல இருக்கற ட்டவையும் மென்மையாக்கி கிட்டத்தட்ட 'கடர்'னு சொல்லுவாங்க, அது வேற வார்த்தைன்னு நினைச்சுக்காதீங்க.

இப்ப கூரைக்கு வருவோம், இங்க தான் வார்த்தை நிறைய இருக்கு, மாத்தி சொன்னா வேலைக்கு வர்றவரு தப்பான பார்ட்டை வாங்கிட்டு வந்துருவாரு. சுவரைத் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற கூரை ஓரத்துக்கு பேரு ஈவ்ஸ். அந்த ஓரத்துல நிமிர்ந்து நிக்கிற பலகைக்கு ஃபேஷியா, கட்டரை பெரும்பாலும் அதுல தான் அடிப்பாங்க. கட்டர்ல சேர்ற தண்ணியை கீழ இறக்குற குழாய் கட்டர் கிடையாது, இதை தான் ரொம்ப பேர் குழப்பிக்கறாங்க. அதை அமெரிக்காவுல டவுன்ஸ்பவுட்னும் பிரிட்டன், ஆஸ்திரேலியா பக்கம் டவுன்பைப்னும் சொல்லுவாங்க. குழாய் வளையிற இடம் எல்போ. ரெண்டு கூரைச் சரிவு சந்திக்கிற பள்ளத்துக்கு இங்கிலீஷ்ல வேலின்னு பேரு (பள்ளத்தாக்குக்கு சொல்ற அதே வார்த்தை), நாம கூடல்வாய்னு சொல்றது அது தான், அதையும் கட்டர்னு சொல்லிடாதீங்க. மொட்டை மாடி கைப்பிடிச்சுவர்ல தண்ணி வெளிய போக விடுற ஓட்டைக்கு ஸ்கப்பர்.

கனடாவுல கட்டர்னா புரியாம எல்லாம் இல்ல, ஆனா அங்க ஈவ்ஸ்ட்ரஃப்ங்கிற வார்த்தையை நிறைய கேப்பீங்க, அதுவும் இதே சாமான் தான். பிரிட்டன்ல மொத்தமா சேர்த்து கட்டரிங்னு சொல்லுவாங்க, "தி கட்டரிங் இஸ் லீக்கிங்"னு ஒருமையில வரும். அமெரிக்காவுல வீட்டைச் சுத்தி இருக்கறதை எல்லாம் சேர்த்து பன்மையில கட்டர்ஸ். ஒரே ஒரு பக்கத்துல தான் பிரச்சனைன்னா ஒருமையில கட்டர்னு சொல்லி எந்தப் பக்கம்னு சேர்த்துக்கங்க.

சேர்த்துச் சொல்ற வினைச்சொல்லும் முக்கியம். அடைச்சிருந்தா கிளாக்டு, பொங்கி வழிஞ்சா ஓவர்ஃப்ளோயிங், ஒழுகுனா லீக்கிங், நடுவுல தொங்கிப் போயிருந்தா சேகிங். "கட்டர் ப்ராப்ளம்"னு மட்டும் எழுதி அனுப்பறது யாருக்கும் உதவாது, ஏன்னா தண்ணி எங்கிருந்து விழுதுங்கறதை வச்சு தான் காரணத்தையே கண்டுபிடிப்பாங்க. முன் விளிம்புக்கு மேல வழியுதுன்னா பெரும்பாலும் இலை அடைச்சிருக்கும், இல்ல மழை வேகத்துக்கு கட்டரோட அளவு பத்தல. கட்டருக்கும் ஃபேஷியாவுக்கும் நடுவுல பின்பக்கமா இறங்குதுன்னா கூரை விளிம்புல தண்ணியை கட்டருக்குள்ள தள்ளி விடுற தகடு, அதாவது ட்ரிப் எட்ஜ், இல்லாம இருக்கலாம், அல்லது இருந்தும் தள்ளியிருக்கலாம். இதை லேசா விட்டா பலகை உளுத்துப் போயிரும், அதனால இந்த பின்பக்கம்ங்கற விவரத்தை விடவே விடாதீங்க. மழை நின்ன அப்புறமும் உள்ள தண்ணி தேங்கி நிக்குதுன்னா, அதுக்கு ஸ்டாண்டிங் வாட்டர்னு பேரு, அடைப்பு இல்லன்னா சரிவு சரியில்லன்னு அர்த்தம், பொதுவா 10 அடிக்கு கால் இன்ச் அளவுக்காவது சரிவு கொடுப்பாங்க.

அதனால மெசேஜ் இப்படி போகணும்: "தி கட்டர் ஓவர் தி ஃப்ரண்ட் டோர் இஸ் கிளாக்டு, வாட்டர் இஸ் ஸ்பில்லிங் ஓவர் தி ஃப்ரண்ட் எட்ஜ், தி டவுன்ஸ்பவுட் இஸ் டிரை." எந்த இடம், என்ன ஆச்சு, தண்ணி எந்தப் பக்கம், குழாய்ல தண்ணி வருதா இல்லையா, எல்லாம் வந்துருச்சு பாருங்க. கட்டர் நிரம்பி வழியும்போது குழாய் மட்டும் காஞ்சு கிடக்குன்னு சொன்னாலே, அடைப்பு குழாய் வாய்ப்பக்கமா இருக்குன்னு அவங்களுக்கு முக்கால்வாசி புரிஞ்சுரும்.

ஈவ்ஸை பத்தி பேசுனதால இதையும் சொல்லிடறேன், எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். ஒட்டுக்கேக்கறதுக்கு இங்கிலீஷ்ல ஈவ்ஸ்ட்ராப்னு சொல்றாங்கல்ல, அது கூரை ஓரத்துல இருந்து மழைத்தண்ணி சொட்டுற அந்த நிலத்துக்கு இருந்த பேரு, அங்க சுவரோட ஒட்டி நின்னு உள்ள பேசுறதை கேட்டவனை ஈவ்ஸ்ட்ராப்பர்னு கூப்பிட்டாங்க. கட்டரும் சொட்டுல இருந்து வந்தது தான், லத்தீன்ல குட்டான்னா துளி, அது பழைய பிரெஞ்சு வழியா வந்து சேர்ந்தது. டாக்டர் சீட்டுல சொட்டு மருந்துக்கு ஜிடிடின்னு சுருக்கமா எழுதறதும் அதே குட்டா தான்.

ரோட்டு கட்டர்ல ஒரு எச்சரிக்கை. நம்ம பக்கம் இங்கிலீஷ்ல பேசும்போது தரைக்கு அடியில ஓடுற கழிவுநீர் குழாயையும் கட்டர்னே சொல்லிடறோம். மத்த நாட்டுல அதுக்கு சூவர்னு தனி வார்த்தை இருக்கு, கட்டர்னா நடைபாதை விளிம்பை ஒட்டி திறந்தாப்ல இருக்கற பள்ளம் மட்டும் தான். "ஹி ஃபெல் இன்டு தி கட்டர்"னு எழுதுனா அவங்களுக்கு ரோட்டோரம் தடுக்கி விழுந்தாப்ல தான் தெரியும். மூடி திறந்திருந்த குழியில ஒருத்தர் விழுந்த ஆபத்தான செய்தியா இருந்தா மேன்ஹோல், சூவர்னே எழுதுங்க, இல்லன்னா நடந்ததோட தீவிரம் போய்ச் சேராது.

பேச்சு வழக்குல வர்ற அர்த்தம் எல்லாம் இந்த ரோட்டு கட்டர்ல இருந்து வந்தது, கூரையில இருந்து இல்ல. கட்டர் பிரஸ்னா மட்டமான பரபரப்பு பத்திரிகை. யாராவது சாதாரணமா சொன்னதை இரட்டை அர்த்தத்துல எடுத்துக்கிட்டா "கெட் யுவர் மைண்ட் அவுட் ஆஃப் தி கட்டர்"னு சொல்லுவாங்க, நெருங்குன ஃப்ரெண்ட்ஸ் நடுவுல ஓகே, ஆபீஸ்ல வேண்டாம். ஒரு மனுஷன் கட்டர்ல இருந்து வந்தவன்னு சொல்ற பழக்கத்தை மட்டும் தயவுசெஞ்சு விட்டுருங்க, அது வறுமையில பிறந்ததையே வசவா மாத்துற பேச்சு. தெருவுல திரியற ஏழைப் பிள்ளைகளை இழிவா சொல்ற கட்டர்ஸ்னைப்ங்கிற பழைய வார்த்தையும் அதே ரகம், படிச்சா புரிஞ்சுக்கங்க, வாயால சொல்லாதீங்க.

வினைச்சொல்லாவும் வரும். மெழுகுவர்த்தி ஒரு பக்கமா உருகி வழிஞ்சு, சுடர் நிலையில்லாம ஆடுனா "தி கேண்டில் இஸ் கட்டரிங்"னு சொல்லுவாங்க, கதைகள்ல தான் அதிகம் பாப்பீங்க.

பந்தை உருட்டி பின்களை சாய்க்கிற பவுலிங் விளையாட்டுல (கிரிக்கெட் இல்ல) பாதைக்கு ரெண்டு பக்கமும் இருக்கற பள்ளமும் கட்டர் தான், பந்து அதுல போயிட்டா கட்டர் பால், அந்த வீச்சுக்கு பாயின்ட் கிடையாது. அச்சுத்துறையில எதிரெதிர் பக்கங்கள் சேர்ற நடு இடைவெளி கட்டர், காமிக்ஸ்ல ரெண்டு கட்டத்துக்கு நடுவுல இருக்கற வெள்ளையும் கட்டர். வேர்ட்ல பேஜ் செட்டப்ல மார்ஜின் பக்கத்துல கட்டர்னு ஒரு பெட்டி இருக்கும் பாருங்க, அது பைண்டிங்குக்காக விடுற கூடுதல் இடம், புத்தகமா தைக்கப் போறீங்கன்னா அதுல அளவு கொடுங்க, வெறும் பிடிஎஃப்பா அனுப்பறதுன்னா பூஜ்யமாவே விட்டுருங்க.