விமானி பையில் கிடக்கும் கை ரேடியோவுக்கு எந்த பேட்டரி?

சிறு விமானம் ஓட்டத் தொடங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: கை ரேடியோவுக்கு ரீசார்ஜ் பேட்டரியா, தீர்ந்ததும் தூக்கிப் போடும் பேட்டரியா? நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அந்த ரேடியோ தினமும் பேசுகிறதா, பையில் கிடக்கிறதா?

தினமும் பேசுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். ஓடுபாதை ஓரம் நின்று மாணவரின் தனிப் பறத்தலைக் கவனிக்கும் பயிற்றுநருக்கும் கிளைடர்காரருக்கும் ரேடியோவோடு வரும் லித்தியம்-அயான் பேக்கே சரி. ராத்திரி சார்ஜரில் வைத்துக் காலையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

பையில் கிடக்கும் ரேடியோதான் எனக்குக் கவலை. பறக்கும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் நின்று, விமானத்தின் பேட்டரியும் இறங்கி, விமானத்திலேயே பொருத்திய பேனல் ரேடியோ ஊமையாகும் நாளுக்காகத்தான் அதைச் சுமந்து திரிகிறோம். அந்த நாள் சொல்லிக்கொண்டு வராது. லித்தியம்-அயான் சும்மா இருந்தாலும் மாதாமாதம் கொஞ்சம் இறங்கும். முழு சார்ஜோடு வெயிலில் நிறுத்திய விமானத்துக்குள் கிடந்தால் அதன் கொள்ளளவே நிரந்தரமாகக் குறையும். அதனால் பையில் இரண்டாவதாக ஒரு சக்தி வேண்டும். பல ரேடியோக்களுக்கு டபுள் ஏ செல்களைப் போடும் தனிக் கூடு கிடைக்கிறது. ரேடியோ வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்குங்கள்.

கூட்டில் என்ன செல் போடுவது? பெரும்பாலானோர் ஆல்கலைன் போடுகிறார்கள். கேட்பதற்கு அது நன்றாகவே உழைக்கும். கேட்கும்போது ரேடியோ இழுப்பது நூறு மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான். பேசும் பொத்தானை அழுத்தினால் ஒரு ஆம்பியரை ஒட்டியோ அதற்கு மேலோ போய்விடும். ஆல்கலைனின் உள்மின்தடை அதிகம். பாதி தீர்ந்த செல்லில் அவ்வளவு இழுத்தால் வோல்டேஜ் சரிந்துவிடும். திரையில் பேட்டரி நிறைய இருப்பதாகக் காட்டும். டவர், அதாவது விமானதளக் கட்டுப்பாட்டு கோபுரம், பேசுவதும் தெளிவாகக் கேட்கும். நீங்கள் பதில் சொல்லப் பொத்தானை அழுத்தியதும் ரேடியோ அணைந்துபோகும். குளிரில் இது இன்னும் மோசம். மாதக்கணக்கில் கிடந்தால் சில செல்கள் கசிந்து கூட்டின் தகடுகளை அரித்தும் விடும்.

ரீசார்ஜ் ஆகும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லை நம்பாதவர்கள் உண்டு. ஆல்கலைன் 1.5 வோல்ட், இது 1.2 வோல்ட்தானே என்பார்கள். ஆறு செல் கூட்டில் கணக்குப் போட்டால் 9க்கு எதிராக 7.2. ஆனால் ஒரு ஆம்பியர் இழுத்தாலும் இது தன் வோல்டேஜை விட்டுக்கொடுக்காது. பேசுவதற்கு ஆல்கலைனைவிட நல்லது என்பேன். இதில் பழைய வகை சும்மா கிடந்தாலே சில வாரங்களில் கணிசமாக இறங்கிவிடும். 2005இல் சான்யோவின் எனலூப் வந்த பிறகு, ஒரு வருடம் கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜை வைத்திருக்கும் வகை எங்கும் கிடைக்கிறது. வாங்கினால் அதையே வாங்குங்கள்.

என் பையில் இருப்பது லித்தியம் டபுள் ஏ, ரீசார்ஜ் ஆகாத வகை. 1.5 வோல்ட். எடை ஆல்கலைனைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இருபது வருடம்வரை வைத்திருக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். மைனஸ் 40 டிகிரியிலிருந்து 60 டிகிரிவரை வேலை செய்யும். விலை அதிகம்தான், ஆனால் அவசரத்துக்கு வைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். புது செல் 1.8 வோல்ட்வரை காட்டும் என்பதால், உங்கள் ரேடியோ அதை ஏற்குமா என்று கையேட்டில் ஒருமுறை பாருங்கள்.

லித்தியம் என்ற பெயரைப் பார்த்து வேறொன்றை வாங்கிவிடக் கூடாது. அதே உருவில் 14500 என்ற 3.7 வோல்ட் செல் உண்டு. ஆறு போட்டால் 22 வோல்ட், ரேடியோ கருகிவிடும். ரீசார்ஜ் ஆகும் 1.5 வோல்ட் லித்தியம் டபுள் ஏயும் உண்டு. அதற்குள் இருக்கும் வோல்டேஜ் மாற்றும் சர்க்யூட் ரேடியோவில் இரைச்சல் கிளப்பலாம். விமான அலைவரிசை ஏஎம், அதாவது அலையின் வீச்சை மாற்றிப் பேச்சை அனுப்பும் முறை, என்பதால் அது நேராகக் காதில் விழும்.

கூட்டை ரேடியோவில் மாட்டி வைக்காதீர்கள். பையில் உருண்டு குமிழ் தானாகத் திரும்பினால் எல்லாம் வீண். கூட்டின் முனைகளில் சாவி, நாணயம் படாதபடி மூடி, தனியாக வையுங்கள். பயணிகள் விமானத்தில் போகும்போது உதிரி லித்தியம் செல்கள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது.

அப்புறம், சோதனை. திரையில் தெரியும் கோடுகளை நம்பாமல் பேசிப் பாருங்கள். மாதம் ஒருமுறை தரையில் நின்று, உங்கள் விமானதளத்தின் அலைவரிசை சும்மா இருக்கும் நேரத்தில் ரேடியோ செக் கேளுங்கள், அதாவது நான் பேசுவது எப்படிக் கேட்கிறது என்று. "ரீடபிலிட்டி ஃபைவ்", அதாவது மிகத் தெளிவாகக் கேட்கிறது, என்று பதில் வந்தால் சரி. 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் சோதிக்கவே கூடாது, அது ஆபத்தில் இருப்பவருக்கான அலைவரிசை. லித்தியம் கூட்டையும் இடையிடையே மாட்டி இதேபோல் ஒரு வாக்கியம் பேசிப் பாருங்கள். அதில் பெரிதாக ஒன்றும் தீராது.

உங்கள் ஹெட்செட்டைக் கை ரேடியோவில் இணைக்கும் அடாப்டரையும் அதே பையில் போடுங்கள். இன்ஜின் சத்தத்தில் கை ரேடியோவின் சின்ன ஸ்பீக்கர் காதுக்கே எட்டாது. ஸ்பீக்கர் ஓடாததால் பேட்டரியும் கொஞ்சம் மிஞ்சும். திரை விளக்கையும் அணைத்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிப் பொத்தானை விட்டுவிடுங்கள்.