பேட்டில்டிரெஸ் வாங்கும் முன்: லேபிளும் தையலும் ஒத்துப்போகிறதா?

இரண்டாம் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் ராணுவச் சட்டை ஒன்றைக் காட்டி, “டன்கிர்க்கில் போட்டது, லேபிளிலேயே 1940 என்று இருக்கிறது பாருங்கள்” என்று விற்பவர் சொன்னால், பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். பிரான்ஸின் டன்கிர்க் துறைமுகத்திலிருந்து பிரிட்டிஷ் படை பின்வாங்கியது 1940 மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும். லேபிளில் உள்ள ‘1940 பேட்டர்ன்’ வடிவத்தின் பெயர் மட்டுமே. துணியை மிச்சப்படுத்த எளிமையாக்கிய அந்தச் சிக்கன வடிவம் புழக்கத்துக்கு வந்தது 1942இல்தான். தைத்த ஆண்டு அதே லேபிளில் தனியாக, தைத்த நிறுவனத்தின் பெயரோடு அச்சாகியிருக்கும். தேட வேண்டியது அதைத்தான்.

பேட்டில்டிரெஸ் என்பது இடுப்போடு நிற்கும் குட்டை மேற்சட்டையும் தொளதொளப்பான கால்சட்டையும் சேர்ந்த காக்கி செர்ஜ் கம்பளி உடை. 1902 முதல் இருந்த நீண்ட சர்வீஸ் டிரெஸ்ஸுக்குப் பதிலாக, வண்டியில் ஏறி இறங்கும் சிப்பாய்க்கு வசதியாக வடிவமைத்தார்கள். போர் தொடங்கிய 1939இல் எல்லாப் படைப்பிரிவுக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கவில்லை. பின்னாளில் இத்தாலியில் போரிட்ட இந்திய டிவிஷன்களும் இதை அணிந்தன. 4ஆம் இந்திய டிவிஷனோடு காசினோவில் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் 12ஆம் ஃபீல்டு கம்பெனியும் அதில் சேர்த்தி.

முதலில் சட்டையை மேசையில் விரித்து, முன்பக்கப் பொத்தான்களைப் பாருங்கள். பொத்தான்கள் பட்டிக்குள் மறைந்து, மார்புப் பைகளில் நடுமடிப்பு இருந்தால் அது முந்தைய வடிவம். பொத்தான்கள் வெளியே தெரிந்து, பையில் மடிப்பே இல்லாவிட்டால் 1940 பேட்டர்ன். துணியும் வேலை நேரமும் மிச்சப்படுத்தச் செய்த மாற்றம் அது. காலர் கோட்டு போல விரிந்து, மடிப்பு முகப்பிலும் செர்ஜ் வைத்துத் தைத்திருந்தால் 1949 பேட்டர்ன். போருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே ஒரு சிக்கல் உண்டு. போர்க்காலத்தில் அதிகாரிகள் காலரைத் திறந்து டை கட்டினார்கள். அதற்காகத் தையல்காரரிடம் கொடுத்து காலரை மாற்றிய பழைய சட்டைகள் ஏராளம். ஆகவே காலரை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், பை மடிப்பையும் லேபிளையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் ஒரே கதை சொல்ல வேண்டும்.

கால்சட்டையில் இடது தொடையில் பெரிய வரைபடப் பையும், வலது இடுப்பின் முன்னால் காயக்கட்டு வைக்கும் சிறு பையும் இருக்கும். சட்டையும் கால்சட்டையும் ஒரே ஆண்டாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். சிப்பாய்க்கே அவை தனித்தனியாகத்தான் கிடைத்தன.

அடுத்து உட்புற முத்திரை. பிரிட்டிஷ் அரசு உடைமைக்கு அகல அம்புக்குறி. கனடாவில் தைத்ததற்கு சி எழுத்துக்குள் அம்பு. கனடியத் துணி சற்றே பச்சை கலந்தது, நெசவும் நேர்த்தி. போருக்குப் பின் பெல்ஜியமும் கிரீஸும் இதே பாணியில் தைத்துக்கொண்டன. பெல்ஜிய உடையில் ஏ.பி.எல் முத்திரை கிடைக்கும். லேபிளை வெட்டியெடுத்துவிட்டு இவற்றை ‘பிரிட்டிஷ்’ என்று விற்பது பழைய தந்திரம். லேபிள் இருந்த இடத்தில் நான்கு மூலையிலும் ஊசித்துளை மட்டும் மிஞ்சியிருந்தால், போர்க்கால பிரிட்டிஷ் உடைக்கான விலை கொடுக்காதீர்கள்.

பணம் அதிகம் போவதும் மோசடி அதிகம் நடப்பதும் சின்னங்களில். வெறும் சட்டையைவிட, கமாண்டோ, பாராசூட் படைச் சின்னம் தைத்த சட்டைக்குப் பன்மடங்கு விலை. அதனால் நல்ல சட்டையில் போலிச் சின்னத்தைத் தைத்துவிடுகிறார்கள். கையின் மேலிருந்து கீழாக வழக்கமான வரிசை: ரெஜிமென்ட் பெயர்ப் பட்டை, டிவிஷன் சின்னம், பிரிவைக் காட்டும் இரண்டு அங்குல நிறப் பட்டை, பதவிப் பட்டைகள். இதில் பிரிவைக் காட்டும் பட்டை காலாட்படைக்குச் சிவப்பு, பீரங்கிப் படைக்குச் சிவப்பும் நீலமும். சின்னத்தின் ஓரத்தை நகத்தால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். எண்பது ஆண்டாக அங்கேயே இருந்ததென்றால், அதன் அடியில் துணி சுற்றியுள்ள இடத்தைவிடக் கொஞ்சம் அடர்ந்த நிறமாகவும் தேயாமலும் இருக்கும். அடியிலும் வெளியிலும் ஒரே வெளிறல் என்றால், சின்னம் நேற்று வந்தது. ஜிக்ஜாக் தையல் இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

இருட்டறையில் புற ஊதா டார்ச் அடியுங்கள். பிந்தைய நூல்களில் சேர்த்த வெண்மையூட்டி நீலவெள்ளையாகப் பளிச்சிடும். போர்க்காலப் பருத்தி நூல் மங்கலாகவே இருக்கும். ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பினால் நல்ல சரக்கையும் தள்ளிவிடுவீர்கள். இடையில் யாராவது சலவைத்தூள் போட்டுத் துவைத்திருந்தால் அசலும் ஒளிரும். சட்டை முழுவதும் ஒளிர்ந்தால் காரணம் சலவை; சின்னமும் அதைத் தைத்த நூலும் மட்டும் ஒளிர்ந்தால் அது பின்னாளில் தைத்ததாக இருக்கலாம். உறுதி வேண்டுமானால், உரிமையாளரின் அனுமதியோடு, தளர்ந்து தொங்கும் ஓர் இழையை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகித வாடையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும்.

வாங்கியபின் முதல் எதிரி அந்துப்பூச்சி. மற்ற கம்பளித் துணிகளோடு சேர்ப்பதற்கு முன், தடித்த பாலிதீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை டேப்பால் நன்றாக ஒட்டுங்கள். மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் இருக்கட்டும். எடுத்தபின் 24 மணி நேரம் பையைத் திறக்கவே கூடாது. அவசரப்பட்டால் பைக்கு வெளியே படிய வேண்டிய ஈரம் கம்பளியில் படியும். பிறகு, வாக்குவம் கிளீனரின் வாயில் மெல்லிய நைலான் வலையைக் கட்டி, குறைந்த இழுவிசையில் பை மூடிகளின் அடி, காலர் மடிப்பு, தையலோரம் எல்லாவற்றையும் உறிஞ்சுங்கள். முட்டைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

துவைக்காதீர்கள். செர்ஜ் சுருங்கித் தடித்துப் போகும், சின்னத்தின் சிவப்புச் சாயம் கசியும், லேபிள் மை அழியும். டிரை கிளீனிங்கும் வேண்டாம். அதன் கரைப்பான் அச்சடித்த சின்னங்களையும் பிளாஸ்டிக் பொத்தான்களையும் கெடுக்கலாம். இடுப்புப் பக்கிளில் துரு இருந்தால், அதற்கும் துணிக்கும் நடுவே பாலியஸ்டர் தாள் ஒன்றைச் செருகி வையுங்கள். பாலிஷ் போட்டால் கறை கம்பளிக்குள் இறங்கும், பிறகு போகாது.

அந்துருண்டை வேண்டாம், வாடை ஆண்டுக்கணக்கில் தங்கும், சில வகை பிளாஸ்டிக்கையும் இளக வைக்கும். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் பூச்சியைவிட ஈரம்தான் பெரிய தொல்லை. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். 45 முதல் 55 வரை நல்லது. அமிலமற்ற டிஷ்யூ தாளைச் சுருட்டி கைகளுக்குள்ளும் மடிப்புகளிலும் வைத்து, மூடியுள்ள பெட்டியில் படுக்கை வசமாக வையுங்கள். கூடவே சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறு ஈரமானியும் இருக்கட்டும். தொங்கவிட்டே ஆக வேண்டுமென்றால் பஞ்சு சுற்றிய அகல ஹேங்கர், மேலே துவைத்த பருத்தி உறை. பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பூட்டி வைக்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மடிப்பில் மணல்போல் சிறு உருண்டைகள் கிடந்தால் அது பூச்சியின் எச்சம், மறுபடியும் உறைபெட்டி.