தரவுத்தள பேக்கப்: டேப் கொள்ளளவை அமைக்கும் முறை

டேப் கொள்ளளவை அமைக்கும்போது, உறையில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்டிஓ-8 என்ற வகைக் காந்த டேப்பில் 30 டெராபைட் என்றிருப்பது, தரவு 2.5-க்கு 1 என்ற விகிதத்தில் சுருங்கும் என்ற அனுமானத்தில் சொல்லப்படுவது. உண்மையான கொள்ளளவு 12 டெராபைட்தான். ஏற்கெனவே சுருக்கிய அல்லது மறையாக்கம் செய்த தரவு அதற்குமேல் பெரிதாகச் சுருங்காது என்பதால், சிறிய எண்ணையே கணக்கில் கொள்வது பாதுகாப்பானது.

இன்ஃபார்மிக்ஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் இந்த அளவை, அதன் அமைப்புகள் அடங்கிய ஆன்கான்ஃபிக் கோப்பிலுள்ள டேப்சைஸ் என்ற அமைப்பில் கிலோபைட் கணக்கில் தர வேண்டும். பலர் இடறுவது இங்கேதான். டேப் தயாரிப்பாளரின் டெராபைட் ஆயிரத்தின் அடுக்குகளால் ஆனது. இங்கு கிலோபைட் என்பதோ 1,024 பைட். எனவே 12 டெராபைட் என்பது 11,71,87,50,000 கிலோபைட் ஆகும். அதில் 5 விழுக்காட்டை ஒதுக்கிவிட்டு 11132812500 என்று, காற்புள்ளி எதுவுமின்றிக் கோப்பில் எழுதலாம். 0 என்று கொடுத்தால், டேப்பின் முடிவு வரை எழுதப்படும்.

தரவுத்தளத்தில் நடக்கும் மாற்றங்களின் பதிவான லாஜிக்கல் லாக்கின் பேக்கப்புக்கு எல்டேப்சைஸ் என்ற தனி அமைப்பு உண்டு. அதை மறந்துவிடக் கூடாது. டேப்பில் ஒரு தடவையில் எழுதப்படும் தரவுத் துண்டின் (பிளாக்) அளவைக் குறிக்கும் டேப்பிளாக் என்ற அமைப்பின் மதிப்பை மாற்ற நேர்ந்தால், பழைய மதிப்பைக் குறித்து வைக்க வேண்டும். ஏனெனில் பழைய டேப்பை மீட்டெடுக்கும்போது, அது எழுதப்பட்ட அதே பிளாக் அளவு தேவைப்படும்.