மூன்று பாட்டில், ஒரு சிரிஞ்சு: சிவப்பு ஒயினை வீட்டில் கலந்து பார்ப்பது எப்படி?

தெற்குப் பிரான்சில், ரோன் ஆற்றை ஒட்டிய ஷாட்டோநெஃப்-டு-பாப் ஊரில் ஷாட்டோ டி போகாஸ்டெல் என்ற திராட்சைத் தோட்டம் இருக்கிறது. 1909 முதல் ஒரே குடும்பத்தின் கையில் உள்ளது. இப்போது நடத்துவது பெரான் குடும்பத்தின் ஐந்தாம் தலைமுறை. அந்த ஊர்ப் பெயரில் விற்கும் ஒயினுக்கான விதிகள் அனுமதிக்கும் 13 திராட்சை வகைகளையும் வளர்க்கிறார்கள். தனித்தனியாகப் பறித்து, புளிக்கவைத்து, பிறகுதான் கலக்கிறார்கள். சிவப்பு ஒயினில் ஏறத்தாழ முர்வேத்ர் 30%, கிரெனாஷ் 30%, சிரா 10%, கூனுவாஸ் 10%, மீதி மற்றவை. வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும்.

எந்த வகை எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று அந்த ஊர் விதிகளில் இல்லை. அங்கேயே இன்னொரு குடும்பத் தோட்டமான ஷாட்டோ ரயாஸ், கிரெனாஷை மட்டும் வைத்தே சிவப்பு ஒயின் செய்கிறது. அதனால் இங்கே நான் சொல்லும் விகிதங்களை மனப்பாடம் செய்யாதீர்கள். முடிவு உங்கள் நாக்கினுடையது.

படி 1: வாங்குவது

பதின்மூன்று வேண்டாம், மூன்று போதும்: கிரெனாஷ், சிரா, முர்வேத்ர். தனி வகையாக விற்கும் பாட்டில்களைப் பாருங்கள். ஸ்பெயின் ஒயின்களில் கிரெனாஷ் 'கர்னாச்சா' என்றும் முர்வேத்ர் 'மொனாஸ்ட்ரெல்' என்றும் இருக்கும், சிராதான் ஷிராஸ். ஓக் பீப்பாய் வாசனை தூக்கலாக இருக்கும் விலை உயர்ந்த பாட்டில் வேண்டாம். அந்த வாசனை மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும்.

இவற்றோடு ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்சு, ஒரே மாதிரியான கண்ணாடிக் கோப்பைகள், தண்ணீர், வெறும் ரொட்டி, துப்புவதற்கு ஒரு பாத்திரம். துப்பக் கூச்சப்பட வேண்டாம். விழுங்கிக்கொண்டே போனால் நான்காவது கோப்பையில் எல்லாமே அருமையாகத் தெரியும்.

படி 2: தனித்தனியாகச் சுவைப்பது

பெரும்பாலும் அவசரப்படுவது இங்கேதான். நம்ம ஊர் வெயிலில் ஒயின் சூடாக இருந்தால் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும். ஃப்ரிட்ஜில் வைத்து, 16 முதல் 18 டிகிரிக்கு வந்ததும் சுவையுங்கள்.

கிரெனாஷுக்கு நிறம் வெளிறியிருக்கும்; பழ வாசனையும் ஆல்கஹாலும் அதிகம், துவர்ப்பு குறைவு. சிராவில் கருநிறமும் மிளகு வாசனையும். முர்வேத்ர் தடித்த தோல் கொண்ட, தாமதமாகப் பழுக்கும் திராட்சை. ஈறைப் பிடிக்கும் துவர்ப்பும் லேசான இறைச்சி வாசனையும் தரும். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று எழுதி வையுங்கள். கலப்பது அந்தக் குறையை நிரப்பத்தான்.

படி 3: கலப்பது

50 மி.லி. போதும். அதில் அரை மி.லி. என்றால் 1%, கணக்கு சுலபம். முதல் கோப்பையில் கிரெனாஷ் 30, சிரா 10, முர்வேத்ர் 10 மி.லி. ஊற்றுங்கள். இரண்டாவதில் கிரெனாஷை 25 ஆக்கி முர்வேத்ரை 15 ஆக்குங்கள். மூன்றாவதில் முதல் கலவையையே எடுத்து, கிரெனாஷில் 5 குறைத்து சிராவை 15 ஆக்குங்கள். சிரா, முர்வேத்ர் இரண்டையும் ஒரே நேரத்தில் கூட்டினால் மாற்றம் எதனால் வந்தது என்று தெரியாது.

பிடித்த திசை தெரிந்த பிறகு 5% அளவில் நகருங்கள். முர்வேத்ரில் அந்தச் சிறு வித்தியாசமே வாயில் தெரியும்.

படி 4: மறைத்துச் சுவைப்பது

கோப்பைகளுக்கு அடியில் எண் ஒட்டி, வீட்டில் வேறு யாரையாவது இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். கருத்த ஒயின்தான் நல்லது என்று கண் சொல்லிக்கொண்டே இருக்கும். முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு சுவையுங்கள்.

படி 5: ஒரு இரவு விடுவது

கலந்த உடனே வாசனைகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாகத் தெரியலாம். போகாஸ்டெலில் கலந்த பிறகு பெரிய ஓக் பீப்பாய்களில் சுமார் ஒரு வருடம் வைக்கிறார்கள். நமக்கு ஒரு இரவு. பிடித்த விகிதத்தைச் சதவீதமாக்கி 7.5 ஆல் பெருக்குங்கள்: 50-30-20 என்றால் 375, 225, 150 மி.லி.; ஒரு முழு பாட்டில் ஆகிவிடும். நிரம்ப ஊற்றி மூடி, ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சுவையுங்கள். மிச்சமிருக்கும் பாட்டில்களில் கிரெனாஷை முதலில் காலி செய்யுங்கள். காற்றுப் பட்டால் மூன்றில் சீக்கிரம் கெடுவது அதுதான்.